அழிக்க மறந்த ஒரு பெயர்

எங்கள் மாவட்டப் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு எந்தக் கல்விச் செயலிகளை வாங்கலாம் என்று பரிந்துரைக்கும் குழுவில் நானும் ஓர் ஆசிரியை. மரக்காணம் பக்கத்திலுள்ள என் பள்ளியில் ஒரு வாசிப்புச் செயலியைச் சோதிக்க, நான்காம் வகுப்பு ரோஸியின் பெயரையும் அவள் வீட்டுக் கைபேசி எண்ணையும் பதிந்தேன். விலை கட்டுப்படியாகாததால் குழு அதைக் கைவிட்டது. பதிந்ததை நானும் மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து, மூளைக்காய்ச்சலில் ரோஸி இறந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம், உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், தெனமும் நாலு மணிக்கு ஒரு போன் வருதுங்க. அவ இருந்தப்ப அவளே எடுத்துக் கேட்டு சிரிப்பா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைபேசி ஒலித்தது. வாங்கிக் காதில் வைத்தேன்.

"ரோஸி இன்று படிக்க வரவில்லை. ரோஸிக்காகக் காத்திருக்கிறோம்," என்றது பதிவுசெய்த குரல்.

நான் பதிந்த அதே வாசிப்புச் செயலியின் அழைப்பு.

"நிறுத்திடுங்க டீச்சர். இதைக் கேட்டுட்டு அவ அப்பா தெருவுல போயி நின்னு பாத்துக்கினே இருக்காரு."

செயலியில் பெயரை நீக்க வழியே இல்லை. அழைப்பு தினம் வேறு எண்ணிலிருந்து வந்ததால் தடுக்கவும் முடியவில்லை. நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதி நிறுத்த ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் நாலு மணியானால் என்னால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை.

இப்போது எந்தச் செயலி வந்தாலும், விலையைப் பார்க்கும் முன்பே ஒரு பெயரைப் பதிந்து, அதை நானே அழித்துப் பார்க்கிறேன். பதிவது என் பெயரை மட்டும்தான்.