புதன்கிழமைகளில் திரும்பி வந்த பிழைகள்

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், நான்கு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து நடந்த சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். முதலாளிக்கு பெங்களூரில் வீடு. வெள்ளிக்கிழமைதோறும் ரயிலில் வந்து போவார். மற்ற நாட்களில் நாங்கள் மூன்றே பேர். புரோகிராம் எழுத ஓர் அண்ணன், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீடுகளுக்கு அடுத்த லைன். இன்னொரு பாதியை எழுத ஓர் அக்கா, பங்காருபேட்டையிலிருந்து வருவார். அவர்கள் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க நான்.

எனக்கு ஆறு மாதம் தற்காலிகம். முதலாளிக்குத் திருப்தியானால் நிரந்தரக் கடிதம் தருவார். எங்கள் வீட்டில் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு சுரங்கத்துக்குள் வேலை. சுரங்கம் நின்றுவிட்டால் வீட்டில் மிஞ்சுவது என் வேலை மட்டும்தான். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் நினைக்காத நாள் இல்லை.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்காக, நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். பதிவு செய்யும் திரைகள் அண்ணனுடையவை. ரத்தப் பரிசோதனை, மருந்து பற்றியவை அக்காவுடையவை. நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் அதற்கு ஒரு நம்பர் கொடுத்து, என்றைக்குப் பார்த்தேன், எவ்வளவு பெரிய தப்பு, யாருடைய திரை, என்றைக்குச் சரியானது என்று ஓர் அட்டவணையில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அதை ரிப்போர்ட்டாக அடித்து முதலாளி மேஜையில் வைக்க வேண்டும். முதல் நாளே இதையெல்லாம் தெளிவாகச் சொல்லித்தான் உட்கார வைத்தார்.

நான் எழுதவில்லை. தப்பைக் கண்டால் நாற்காலியைத் திருப்பி, "அண்ணா, இங்க பாருண்ணா" என்பேன். அவர் எழுந்து வந்து பார்ப்பார். "அட, ஆமாடா. இரு" என்று போய் பத்து நிமிஷத்தில் சரிசெய்து, நான் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் மெஷினில் போட்டுத் தருவார். முடிந்தது. இதில் எழுத என்ன இருக்கிறது?

எழுதாததற்கு சோம்பேறித்தனம் காரணமில்லை. எங்கள் லைனில் ஒருத்தன் செய்த தப்பை இன்னொருத்தன் காகிதத்தில் ஏற்ற மாட்டான். சுரங்கத்துக்குள் ஒருவர் மேல்பாறையைத் தாங்கும் முட்டுக்கட்டையைச் சரியாக நிறுத்தாமல் விட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் சத்தம் போடாமல் சேர்ந்து நிறுத்திவிடுவார்கள். மேலே இருப்பவனுடைய புத்தகத்தில் பேர் ஏறக் கூடாது, அவ்வளவுதான். என் வேலை என்னவென்று வீட்டில் விளக்கியபோது அம்மா முகம் சுளித்தார். "இன்னாது, கூட வேல செய்றவன் தப்ப எழுதிக் குடுக்கற வேலயா? அதுக்கா ஒன்ன படிக்க வெச்சோம்?" என்றார்.

அதனால் வாரா வாரம் என் ரிப்போர்ட்டில் இரண்டு மூன்று சில்லறைத் தப்புகள் மட்டும் இருக்கும். ஒரு எழுத்து கோணலாகத் தெரிகிறது, ஒரு கட்டம் பெரிதாக இருக்கிறது, இந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் எதிரே 'முடிந்தது'. முதலாளி பார்த்துவிட்டு தலையாட்டுவார்.

நாலாம் மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் புரோகிராமை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் பதினோரு தப்பு எழுதி அனுப்பினார்கள். முதலாளி அவர்கள் காகிதத்தையும் என் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"இதுல நீங்க எத்தனை கண்டுபிடிச்சீங்க?"

நான் அவர்கள் காகிதத்தைப் படித்தேன். பதிவுத் திரையில் ஒரே பேரில் இரண்டு பேர் வந்தால் ஒருவருடைய ரத்த வகை இன்னொருவருக்குக் காட்டுகிறது என்று முதல் வரியிலேயே இருந்தது. அதை நான் இரண்டு மாதம் முன்னாலேயே பார்த்திருந்தேன். சோதனைக்காக எங்கள் லைன் ஆட்களின் பேரைத்தான் அடிப்பேன். லைனில் ஒரே பேரில் மூன்று பேர் இருந்ததால் அது உடனே சிக்கியது. அண்ணனிடம் சொன்னேன், அவரும் சரிசெய்தார். அப்புறம் எப்படி மறுபடி வந்தது?

"ஏழு சார்" என்றேன்.

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதல சார். வாயால சொன்னேன்."

அண்ணன் கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலன்னா நீங்க பாக்கவே இல்லன்னுதான் நான் எடுத்துக்கணும். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. உங்க ரிப்போர்ட்ட வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து எழுத ஆரம்பித்தேன். நாற்காலியைத் திருப்புவதை விட்டுவிட்டேன். முதல் வாரத்தில் முப்பத்தி நாலு வந்தது. அதில் பெரும்பாலானவை அண்ணனுடையவை. பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளும்போது அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பேரு போட்டே அடிக்கிறியா? போட்டோவும் ஒட்டிடேன், சுவத்துல மாட்டிக்கலாம்."

"சார் எழுதச் சொன்னார்ணா."

"சொன்னாரு, சொன்னாரு. நீ எழுது."

அதற்குப் பிறகு டீ குடிக்க என்னைக் கூப்பிடாமல் தனியாக இறங்கிப் போனார். சாயங்காலம் வழக்கமாக இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு நடப்போம். இப்போது அவர் முன்னாலேயே கிளம்பிவிடுவார். தெருவில் இருபதடி முன்னால் அவர் சட்டை தெரியும். எட்டிப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

முதலாளிக்கோ ரொம்ப சந்தோஷம். "இதுதான் டெஸ்டிங்" என்றார். ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். சரியானது என்று முடித்த தப்பு மறுபடி வந்தால், என்றைக்கு வந்தது என்று அதில் எழுத வேண்டும். மூன்று வாரத்தில் அந்தக் கட்டத்தில் ஒன்பது வரி ஏறியது. ஒன்பதும் அண்ணனுடைய திரைகள். முதலாளி அதைப் பேனாவால் சுழித்தார். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஒரு தடவ சரி பண்ணத மறுபடி கெடுக்கறாரு. இவர வெச்சுகிட்டு நான் எப்படி ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறது? அடுத்த வாரம் பேசிடறேன்." எழுந்துகொண்டே, "ஆறு மாசம் முடியலன்னாலும் உங்க கடிதத்தையும் அடுத்த வாரம் கொண்டு வரேன்" என்றார்.

அந்த ஒன்பது வரியை நான் சனிக்கிழமை மறுபடி படித்தேன். கண்டுபிடித்த தேதி எல்லாம் வெவ்வேறு. சரிசெய்த தேதியும் வெவ்வேறு. திரும்பி வந்த தேதிகளை மட்டும் காலண்டரில் பார்த்தேன். எல்லாமே வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் புதன். புதன்கிழமை என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு அண்ணனும் அக்காவும் அந்த வாரம் செய்த வேலையை ஆளுக்கு ஒரு பிளாப்பியில் தருவார்கள். அதை டெஸ்ட் மெஷினில் ஏற்றுகிறவன் நான்.

அக்காவின் ரயில் பத்து மணிக்கு மேல்தான் வரும். அதனால் எப்போதும் அண்ணனுடையதை முதலில் ஏற்றுவேன், அக்காவுடையதைப் பிறகு. அடுத்த புதன்கிழமை அக்கா பிளாப்பியைத் தந்தபோது கேட்டேன்.

"அக்கா, ஒங்க பிளாப்பில அண்ணன் திரையும் இருக்குதா?"

"ரெண்டு மூணு இருக்குதே. அது இல்லாம என்னுது ஓடாதே. ஏன்பா?"

"எப்ப வாங்கினதுக்கா?"

"எப்பவோ வாங்கினது. மொதல்லயே."

ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதட்டுமா என்று மெஷின் கேட்கும்போதெல்லாம் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று நான்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சரிசெய்த புதியதின் மேல், அக்காவிடம் இருந்த பழையதை, வாரா வாரம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய புரோகிராமும் அந்த மெஷினிலிருந்து எடுத்ததுதான்.

நான் இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏற்றும் வரிசையை மாற்றிவிட்டால் போதும், அடுத்த வாரம் எதுவும் திரும்பி வராது. அண்ணன் திருந்திவிட்டார் என்று முதலாளி நினைத்துக்கொள்வார், அல்லது அதற்குள் அவரை அனுப்பியிருப்பார். கடிதம் என் கைக்கு வந்திருக்கும். இரண்டு நாள் இதையேதான் யோசித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அம்மாவிடம்கூட, அடுத்த வாரம் கடிதம் வருகிறது என்று சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். தப்பு: சரியான கோப்பின் மேல் பழைய கோப்பு ஏறுகிறது. எவ்வளவு பெரியது: மிகப் பெரியது. யாருடையது என்ற கட்டத்தில் என் பேர். திரும்பி வந்த ஒன்பது தப்புக்கும் எதிரே இருந்த அண்ணன் பேரை எடுத்துவிட்டு அந்த வரியின் நம்பரைப் போட்டேன்.

முதலாளி வந்து உட்கார்ந்து படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"இத யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

"பண்ணதும் நீங்க."

"ஆமா சார்."

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். "அடப்பாவி, நீயாடா? மூணு வாரமா நான் எனக்குத்தான் மூள கொழம்பிட்ச்சின்னு நெனச்சிகினு இருக்கேன்! வூட்ல வேற சண்ட!" அக்கா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி என் மானத்த வாங்கினது இந்தத் தப்புதான். உடனே கடிதம் குடுத்தா நல்லா இருக்காது. இன்னும் மூணு மாசம் பாப்போம். இதே மாதிரி எழுதுங்க."

"சரி சார்."

அண்ணனிடம் அவர் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியது இல்லாமல் போயிருந்தது. அவர் ரயிலுக்குக் கிளம்பியதும் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். கதவுக்கு வெளியே போய், திரும்பி நின்று, "இன்னா, வர்றியா இல்ல அதயும் எழுதிட்டுத்தான் வருவியா?" என்றார். நான் அவர் பின்னால் இறங்கினேன்.

வீட்டில் கடிதம் தள்ளிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அப்பா கேட்டதற்கு என் தப்பை நானே எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி, சாப்பிடச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து கடிதம் வந்தது. அதற்குள் ரிப்போர்ட்டில் என் பேர் இன்னும் இரண்டு தடவை ஏறியிருந்தது.