அப்பாவின் பழைய ஆங்கிலம்

எங்கள் அப்பா ஜெர்மன் படித்த விதத்தில் வேறு எந்த அகதியும் படித்திருக்க மாட்டார். ஊரில் அவர் ஆங்கில வாத்தியார். பல்கலைக்கழகத்தில், ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் பேசிய ஆங்கிலம் அவருக்கு ஒரு பாடமாக வந்து வாய்த்ததாம். பரீட்சைக்காக விழுந்து விழுந்து பாடமாக்கிய அந்தச் சொற்களால் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஜெர்மனியின் மேற்கு எல்லையில் ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் அகதிகள் விடுதிக்கு நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது.

வேலை செய்ய அனுமதியில்லை. அந்த வட்டாரத்தைத் தாண்டிப் போகவும் அனுமதியில்லை. ஆகவே அப்பா விடுதிக்குப் பின்னாலிருந்த காட்டுப் பாதையில் நடப்பார். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் சேர்ந்துகொள்வேன். மரம், புழு, குருவி என்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஜெர்மன் பெயர் கேட்பார். நான் சொன்னதும் முகம் மலர்ந்து, "இது எங்கட சொல்லெல்லோ!" என்பார். எங்கட என்றால் தமிழ் அல்ல. அந்தச் செத்துப்போன ஆங்கிலம்.

ஒருநாள் மழை விட்டபிறகு, ஓடில்லாத பெரிய நத்தைகள் பாதை முழுக்க ஊர்ந்தன. அதற்கு ஜெர்மனில் 'அம்மண நத்தை' என்று பெயர். அம்மணம் என்றால் 'நாக்ட்'. அப்பா அப்படியே நின்றுவிட்டார். பழைய ஆங்கிலத்தில் 'நக்கொட்' என்றார். பாம்புக்கு அதில் 'நேட்ரே', ஜெர்மனில் 'நாட்டர்'. ஆங்கிலேயர் கவனயீனத்தில் முன்னாலிருந்த 'ந'வைத் தொலைத்து 'அடர்' என்று ஆக்கிவிட்டார்களாம். ஜெர்மன்காரர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். எங்கட நாகமும் இவைக்கு ஒன்றுவிட்ட சொந்தமோ தெரியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். எனக்குப் பசித்தது.

அந்த வருடம் எங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு அப்பாவின் காயத் தழும்புகள் பற்றி வைத்தியர் எழுதிய கடிதம் வேண்டும் என்றார் வக்கீல். டெர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்கும் நேரம், உடனே கிடைத்தது. மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா விடுதியிலேயே நின்றுவிட்டா. பத்து வயதான நான் அப்பாவுடன் போனேன். எனக்கு இரண்டு வருட ஜெர்மன் இருந்தது. தலைக்கனம் அதைவிடக் கூடவே இருந்தது.

டொக்டர் வயதானவர், பொறுமையானவர். அப்பாவின் குதிக்காலையும் மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவை எப்படி வந்தன என்று அப்பாவிடம் கேள்," என்றார்.

கேட்டேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கொஞ்சம் வெளியில போய் இரு, பிள்ளை."

நான் எழும்பியதும் டொக்டர் கையை நீட்டித் தடுத்தார். பிள்ளையும் போய்விட்டால் நாங்கள் எப்படிப் பேசுவது என்று கேட்டார். நான் திரும்பவும் உட்கார்ந்தேன்.

அப்பா நாற்காலியை இழுத்து, எனக்கு முதுகைக் காட்டி, டொக்டரை நோக்கி இருந்தார். டொக்டருக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாவிடம் கடைக்குப் போகுமளவு ஜெர்மன் இருந்தது. இதற்கு அது போதவில்லை. மூன்று விரல்களை நீட்டினார்.

"த்ரேயோ நிஹ்ட்," என்றார். "நிஹ்ட்... நக்கொட். நேட்ரே."

ஜெர்மனில் 'நிஹ்ட்' என்றால் 'இல்லை'. டொக்டர் குழம்பி, "அம்மணமாக இல்லையா?" என்று கேட்டார். அப்பா அப்படியில்லை என்று தலையை வேகமாக ஆட்டி, அதே சொற்களை இன்னும் உரக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்த வரையில் மனிதர் உடுப்பில்லாமல் இருப்பது குளிக்கும்போதுதான். அதில் ஒரு பாம்பும் வருகிறது. கதை எனக்கு விளங்கிவிட்டது.

"நான் சொல்கிறேன்," என்று டொக்டரிடம் சொன்னேன். "அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். பாம்பு கடித்தது. விழுந்து கையில் அடிபட்டது."

டொக்டர் அப்பாவிடம் திரும்பினார். "சரிதானா?"

குளிப்பதற்கான சொல் அப்பாவுக்குத் தெரியும். விடுதிக் குளியலறைக் கதவில் அது பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யா," என்றார்.

டொக்டர் அப்படியே எழுதினார்.

மேன்முறையீடும் தோற்றது. பிறகு பல வருடங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒரு தற்காலிக அனுமதிக் கடதாசியில்தான் நாங்கள் வாழ்ந்தோம். ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்க அரசாங்கக் கந்தோருக்குப் போவதற்கு முதல்நாள் அப்பா சாப்பிடமாட்டார்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, அம்மா அதைச் சொன்னா. ஊரில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உடுப்பைக் கழற்றி, கைகளைக் கட்டி, பாழ்ங்கிணறு ஒன்றில் மூன்று இரவுகள் விட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து பாம்பைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'நிஹ்ட்' என்றால் இரவாம்.

"ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள் எண்டு அண்டைக்கே சண்டை பிடிச்சனான்," என்றா அம்மா. "பிள்ளையின்ர வாயால அதைச் சொல்லுவிக்கச் சொல்லுறியோ எண்டு கேட்டார்."

அன்று வைத்தியரிடமிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கஷ்டமான ஜெர்மன் எல்லாம் வடிவாக் கதைச்சாய்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு உதவி செய்ய நினைத்தேன்.

"அப்பா, நிஹ்ட் எண்டால் இல்லை. இனிப் பிழையாச் சொல்லாதேங்கோ, எல்லாரும் சிரிப்பினம்."

"நிஹ்ட் எண்டால் இல்லை," என்று அப்பா திருப்பிச் சொன்னார்.

உச்சரிப்பு சரியாக இருந்தது. கெட்டிக்காரன் என்று நான் அவர் தோளில் தட்டினேன்.