சின்னண்ணா சும்மா தராத சிப்பிகள்

எங்கள் சின்னண்ணா இறைவனடி சேர்ந்து இந்தத் தை மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. திவசத்தையொட்டி வெளிவரும் இந்நினைவு மலரில் அன்னாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பைப் பெரியண்ணா என்னிடம் தந்தார். தரும்போதே கோபத்தில் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கோபமில்லாமல் எழுதிப் பார்த்தேன். பொறுமை, அடக்கம், தெய்வ பக்தி என்று வரிசையாக வந்து விழுந்தன. வாசித்தால் வேறு யாருடைய அண்ணாவோ போலிருந்தது. ஆகவே கோபத்துடனேயே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

சின்னண்ணா யாழ்ப்பாணம் இணுவிலில், புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். மூத்தவர், இப்போது சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் வசிக்கும் பெரியண்ணா. கடைசித் தங்கை நான். சிப்பி வேலை செய்தவர் என்றதும், அலையோடு விளையாடி வளர்ந்த பிள்ளை என்று இறுதிச் சடங்கில் ஒருவர் உருக்கமாகப் பேசினார். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். சின்னண்ணாவுக்கு நீச்சலும் தெரியாது.

நாட்டு நிலைமை மோசமாகிய காலத்தில் வெளியேறிய இளைஞர்களுள் அவரும் ஒருவர். அகதி விண்ணப்பம், முகாம், பழக்கமில்லாத குளிர் எல்லாவற்றையும் கடந்து, சுவிஸின் துன் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவச் சேர்ந்தார். அங்கேயே மரக்கறி வெட்டி, பிறகு சூப் வைத்து, கடைசியில் பிரதான அடுப்பில் நிற்குமளவுக்கு உயர்ந்தார். என்னை இந்த நாட்டுக்கு அழைத்தவரும் அவரே. எனக்குக் கலியாணம் பேசி, மண்டபம் எடுத்து, அன்றைய சமையலையும் தானே பொறுப்பெடுத்து, தாலி கட்டும் நேரத்தில் அடுப்படியில் நின்றார். கலியாணப் படத்தில் எல்லோரும் இருக்கிறோம், அவரைக் காணவில்லை. இதைச் சொல்லி எத்தனையோ வருடம் சண்டை பிடித்திருக்கிறேன். வந்திருந்தால் சோறு அடிப்பிடித்திருக்கும் என்பதே அவருடைய பதிலாக இருந்தது. தான் ஏன் மணம் செய்யவில்லை என்பதற்கு, கேட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பதைக் கடந்ததும் அவருடைய முதுகு அடுப்படியோடு ஒத்துப்போக மறுத்தது. ஆரம்ப நாட்களில் அவரோடு கோப்பை கழுவிய கிரேக்க நண்பர் ஒருவர் அப்போது ஊர் திரும்பியிருந்தார். ஒரு சிறிய தீவில் இருக்கும் தன் தாயார் வீட்டுக்கு வந்து கொஞ்சநாள் ஓய்வெடுக்கும்படி அவர் அழைத்தார். அங்கே போகிறவர்கள் ஒலிவ் எண்ணெய் கொண்டுவருவார்கள், சீஸ் கொண்டுவருவார்கள். சின்னண்ணா பயணப்பை நிறையச் சிப்பி கொண்டுவந்தார். எங்கள் வீடு முழுவதும் நாறியது.

அந்தச் சிப்பிகளை அவர் கழுவியது எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், எனக்கு ஒதுக்கப்பட்ட சலவை நாளில். சுவிஸில் இருப்பவர்களுக்கு இதன் பாரதூரத்தை நான் விளக்கத் தேவையில்லை. மறுநாள் சலவை முறை மேல்மாடிப் பெண்மணிக்கு. அவருடைய வெள்ளை விரிப்புகளெல்லாம் மணல். கட்டடப் பொறுப்பாளர் வந்து கதவில் நின்றார். சின்னண்ணா அவருடைய கையில் ஒரு சிப்பியைக் கொடுத்து, உட்பக்கத்து நிறத்தைப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்டது நான்.

அதன் பிறகு அவருடைய வருடம் இரண்டாகப் பிரிந்தது. பனிக்காலத்தில் மலை ஹோட்டல் ஒன்றில் சமையல், கோடையில் தீவு. மற்றவர்கள் இங்கே ஒரு வீடு, ஊரில் ஒரு வீடு என்று வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் அண்ணா கடற்கரையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகு வருத்தம் என்று அடுப்படியைப் பாதி வருடம் விட்டவர் குனிந்து பொறுக்கினார் என்பதையும் கவனிக்கவும். பெரியண்ணா ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்துவிட்டார். கேட்கிறவர்களுக்கு நாங்கள் ‘கிரீஸில் பிஸ்னஸ்’ என்று சொல்லி வைத்தோம். அது கை மாறி வாய் மாறி, அவருக்கு அங்கே பெரிய ரெஸ்டாரண்ட் இருக்கிறதாம் என்று என்னிடமே திரும்பி வந்தது. மகனுக்கு அங்கே ஒரு வேலை எடுத்துத் தரும்படி கேட்டவர்களும் உண்டு.

உண்மையில் அங்கே இருந்தது ஒரு மேசை. துறைமுகத்துக்கு இறங்கும் ஒடுங்கிய பாதையில், நண்பரின் தாயார் வீட்டு வாசலில் அது போடப்பட்டிருந்தது. பக்கத்துக் கடைகளில் டொல்பினும் கடற்கன்னியும் காற்றாலையும் நிறைந்து கிடந்தன. சின்னண்ணா தன் சிப்பிகளில் ஹோட்டல் வேலையாட்களைச் செய்தார். கருநீல மட்டிச் சிப்பியில் காற்சட்டை, நகம்போல் மெல்லிய வெள்ளைச் சிப்பியில் ஏப்ரன், சுருண்ட சிறு ஊரிச் சிப்பியில் கொண்டை. கோப்பை கழுவுகிறவர், வெங்காயம் உரிக்கிறவர், தட்டு ஏந்தி நிற்கிறவர், பின்கதவடியில் வாளியைக் கவிழ்த்துவைத்து அதில் குந்தியிருக்கிறவர். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். சாமணத்தின் நுனியால் பிடித்து ஒரு விரலை ஒட்டி முடிக்க அரை நாள் போகும்.

வேலையை மறக்கத்தானே சனம் விடுமுறையில் வருகிறது, ஒரு டொல்பின் செய்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“டொல்பினை நான் ஒருநாளும் கிட்டப் பாக்கேல்லை, பிள்ளை. கோப்பை கழுவுறவனைத்தான் பாத்திருக்கிறன்” என்றார்.

மெதுவாக என்றாலும் அவை விற்றன. ஜெர்மன்காரர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் வாங்கினார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து இன்னொன்று வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் சின்னண்ணாவுக்கு அது போதவில்லை. ஒருமுறை தொலைபேசியில் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார்.

“எங்கட ஆள் ஒருத்தர் வரோணும். ஒண்டைத் தூக்கிப் பாக்கோணும். பிடிச்சுக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு போகோணும். இந்த வேலையெல்லாம் செய்யிறது எங்கட சனம்தானே. இது என்னெண்டு அதுகளுக்குத்தான் விளங்கும்.”

அவருடைய ஆசை இவ்வளவுதான். வீடு கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் ஒரே ஒருவர். அதுவும் நடக்கவில்லை.

நடந்திருக்கலாம். ஒரு கோடையில் எங்கள் உறவுக் குடும்பம் ஒன்று தீவுக்குப் போனது. சின்னண்ணா துறைமுகத்துக்குப் போய்க் கூட்டிவந்தார். மேசையை மூடிவிட்டு அவர்களுக்கு மீன் குழம்பு வைத்தார். ஒவ்வொரு பொம்மையையும் தூக்கிவைத்துப் படம் எடுத்தார்கள். கப்பலுக்குப் போகும்போது, ஞாபகத்துக்கு ஒன்று தாருங்கள் என்று கேட்டார்கள். சின்னண்ணா விலையைச் சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே வந்து, சொந்தத்துக்கே சிப்பி விற்கிற மனிதன் என்று கதை பரப்பினார்கள். கடற்கரையில் சும்மா கிடக்கிற சாமானுக்கு ஆர் காசு கொடுப்பான் என்றும் சொன்னார்கள். இந்த மலர் அவர்களுக்கும் போகும். வாசிக்கட்டும்.

மீன் குழம்பு கொடுத்தீர்களே, ஒரு பொம்மையையும் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்குமே என்று நான் ஏசினேன். பசித்து வந்தவனுக்குச் சோறு போடலாம், இது வேறு என்றார். சும்மா கொடுத்தால் அது ஷோகேஸில் தூங்கும், காசு கொடுத்தவன்தான் இடைக்கிடை எடுத்துத் தூசி தட்டுவான் என்பது அவருடைய கணக்கு.

சரி, நானே வாங்குகிறேன் என்று அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் துன்னில் ஹோட்டல் அறை துப்புரவாக்கும் வேலை செய்பவள். மேசையில் ஒரு சிப்பிப் பெண் இருந்தாள். கட்டிலின் மூலையில் குனிந்து, ஒரு முழங்காலைக் கொடுத்து, விரிப்பை மெத்தைக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தாள். அது நான்தான். இடுப்பில் ஒரு கையை வைத்திருந்த விதம்கூட என்னுடையது. காசை எடுத்து நீட்டினேன்.

“தங்கச்சி வாங்கிறது வியாபாரமில்லை” என்றார்.

“அப்ப சும்மா தாங்கோ, அண்ணை.”

“சும்மா தரமாட்டன்.”

“எனக்கு உண்மையாப் பிடிச்சிருக்கு.”

“இல்லை. நீ என்னில பாவம் பாக்கிறாய். உன்ர முகத்தில தெரியுது.”

விற்கவும் மாட்டார், தரவும் மாட்டார். இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படி வாழ்வது? நான் அங்கே நிற்கும்போதே ஒரு ஜெர்மன் பெண்மணி வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னுடைய முதுகு இப்போது ஜெர்மனியில் யாரோ வீட்டில் குனிந்து நிற்கிறது. அன்று மாலை சின்னண்ணா வைத்த சாப்பாட்டை நான் தொடவில்லை.

கடைசிக் கோடையில் அவருக்கு வயிற்றில் நோ தொடங்கியது. சாப்பாடு குறைந்தது. வீடியோவில் முகம் வற்றியிருந்தது. இங்கே வைத்தியரிடம் நாள் எடுத்துவிட்டு வரச் சொன்னேன். வருகிறேன் என்றார். பிறகு, புரட்டாதி முடியட்டும் என்றார். சூரிச்சிலிருந்து ஒரு தமிழ்க் குழு கப்பலில் சுற்றுலா வருகிறதாம், தீவில் ஒரு பகல் நிற்குமாம், எல்லாரும் எங்கட ஆட்களாம். நான் கத்தினேன். பெரியண்ணா கத்தினார். இவர் வழமையாகக் கத்தமாட்டார், அவரும் கத்தினார். சின்னண்ணா தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, குழுவுக்காகப் புதிதாகச் சிலவற்றைச் செய்துகொண்டிருந்தார்.

குழு வரவிருந்த அன்று அங்கே பெருங்காற்று. கப்பல் துறைமுகத்துக்குள் வர முடியாமல் வெளியே நின்று பார்த்துவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விட்டது. சின்னண்ணா புதுச் சேட்டுப் போட்டு, மேசையை ஒழுங்குபடுத்தி, மாலைவரை நின்றிருக்கிறார். நண்பர்தான் பிறகு சொன்னார். எங்களிடம் சின்னண்ணா சொன்னது, காற்று கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஐப்பசியில் வந்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தை மாதம் ஒரு காலைப்பொழுதில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்க, சின்னண்ணா அமைதியாகக் கண் மூடினார். அமைதியாக என்பது அவருக்கு. எனக்கு இன்னும் அந்தக் கப்பலின் மீதும் காற்றின் மீதும் அவர் மீதும் ஆத்திரம் தீரவில்லை. ஒரு பொம்மையை யாரோ ஒருவர் வாங்க வேண்டும் என்பதற்காகவா ஒரு மனிதன் தன் வயிற்றுநோவைத் தள்ளிப்போடுவான்?

வசந்தத்தில் நானும் இவரும் தீவுக்குப் போனோம். நண்பரின் தாயார் எல்லாப் பொம்மைகளையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். மேசையை மட்டும் தரமாட்டேன் என்றார், அதில் இப்போது அவர் தக்காளி காயவைக்கிறார். பெட்டிகள் எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தன.

திவசத்துக்கு வருபவர்களுக்கு மலரோடு எவர்சில்வர் தட்டம் ஒன்று கொடுப்பது எங்கள் வழக்கம். இம்முறை தட்டத்துக்குப் பதிலாகச் சின்னண்ணாவின் பொம்மைகளைக் கொடுக்கலாம் என்று பெரியண்ணா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் முடியாது என்றேன். உயிரோடு இருந்தபோது எனக்கே சும்மா தராத சாமானை, அவர் போனபின் ஊருக்குச் சும்மா கொடுக்க எனக்கு உரிமை இல்லை. விற்போம் என்றேன்.

“திவசத்தில கடை விரிச்சதெண்டு சனம் கதைக்கும்” என்றார் பெரியண்ணா.

“அவர் இருக்கேக்கையும் கதைச்சதுதானே.”

 பிறகு ஒருநாள் அவரே தொலைபேசி எடுத்து, நலம் விசாரிக்காமலே, விற்பனை மேசையை மண்டபத்தில் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார்.

சின்னண்ணாவுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த கிரேக்க அம்மாவுக்கும், கடைசிவரை துணை நின்ற அவருடைய மகனுக்கும், பனிக்காலங்களில் அவர் தூக்க வேண்டிய பாரங்களைத் தாம் தூக்கிய மலை ஹோட்டல் சமையலறை நண்பர்களுக்கும், இரவு பகல் பார்க்காமல் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்து வீட்டில் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், கோபத்தோடு எழுதியதை ஒரு வரியும் வெட்டாமல் அச்சுக்கு அனுப்பிய பெரியண்ணாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

மண்டப வாசலில் இடதுபக்கம் மேசை இருக்கும். தட்டம் எல்லோருக்கும் உண்டு, அது வலதுபக்கம். பொம்மைகளில் சின்னண்ணா தன் கையால் ஒட்டிய விலை அப்படியே இருக்கிறது. குறைத்துக் கேட்க வேண்டாம். சேருகிற பணம் எங்கே போகும் என்றும் கேட்க வேண்டாம், நல்ல காரியத்துக்கு என்று சொன்னால் அதற்காகவே வாங்கிவிடுவீர்கள். அவர் பாவம் என்று நினைத்தும் யாரும் வாங்க வேண்டாம். ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். பிடிக்காவிட்டால் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பாயசம் குடித்துவிட்டுப் போங்கள். அவ்வளவு நேரம் நின்று பார்த்ததற்கும் எங்கள் நன்றி.

தங்கை
துன்