பாலாடையில் வெந்நீர்

எனக்குச் சந்தேகக் குணம். "குடுத்தாச்சுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் டம்ளரைத்தான் பார்ப்பேன். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது.

செம்மநத்தத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. உதடு வெடித்து, நாக்கு வறண்டு கிடந்தாள். பால் சுரக்கவில்லை. பிள்ளை அழுதே ஓய்ந்துபோனது. நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. எங்கள் வீட்டில் நேர் எதிர். கடைவீதியில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. பிள்ளை பெற்றவள் போதும் போதும் என்றாலும் கோழிச்சாற்றை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"தண்ணி குடுத்தீங்களா?" என்று அவள் மாமியாரைக் கேட்டேன்.

"குடுத்தமுங்க சிஸ்டர்."

கட்டிலருகே இருந்த சொம்பு காலையில் நிரப்பியபடியே இருந்தது. பொய் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. சொம்பு அப்படியே இருந்தது, ஆனால் பெண்ணின் உதட்டில் ஈரம். பாலும் லேசாகச் சுரக்கத் தொடங்கியிருந்தது. அப்படியானால் மாமியார் எதைப் புகட்டுகிறாள்? எந்த வேரை அரைத்தாளோ?

மதியம், பார்க்க வந்திருந்த உறவுப் பெண்கள் டீ குடிக்கப் போனதும் திரையை விலக்கினேன். பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு, அந்தப் பாலாடையை மருமகள் வாயில் வைத்திருந்தாள் மாமியார். பிடுங்கி முகர்ந்தேன். வெறும் வெந்நீர்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க அவங்ககிட்ட சொல்லிப்புட்டா? நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எந்தலையில போட்டுருவாங்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஏனுங்க சிஸ்டர், அவங்க வந்ததும் என்னய நல்லாத் திட்டுங்க. நீங்க திட்டி நான் குடுத்தா, அது நான் குடுத்ததா ஆவாதுங்க."

திட்டுவதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை. எல்லோரும் கூடியதும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டேன். "ஈவு எரக்கம் இல்லாத சிஸ்டரு" என்று உறவுப் பெண்களிடம் முணுமுணுத்தபடியே மாமியார் பெரிய டம்ளரை நிரப்பி நீட்டினாள். பெண் ஒரே மூச்சில் குடித்தாள். வந்தவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது. வாசல்வரை போன மாமியார் மட்டும் என்னிடம் திரும்பி வந்தாள்.

"ஊட்டுக்குப் போனா யாருங்க திட்டுவாங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு செம்மநத்தம் பஸ் ஏறினேன்.