பன்றிச் சுரப்பியும் டொக்டரின் வாயும்

டொக்டர் ஞானமுத்து காலமான செய்தியை ஹட்டன் பஸ் நிலையத்தில் எங்கள் பழைய பண்ணையின் லொறிச் சாரதி சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமலே போய்விட்டார். அவரை அறிந்தவர்கள் இந்த வாரம் நிறையப் புகழ்வீர்கள். அவருக்கு ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன் சொல்வதையும் கேளுங்கள்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சீமைக்குப் போய் உயிர் இரசாயனம் படித்துத் திரும்பியவர் அவர். நுவரெலியாவுக்கு அருகே பன்றிப் பண்ணையில் அவருக்கு ஒரு சிறு ஆய்வுகூடம் இருந்தது. பன்றியை வெட்டிய சூட்டோடு தாடைக்கடியிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து ஐஸில் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். அதன் வழவழப்பைக் கண்ணாடிக் கோலில் நூலாக இழுத்து, புரதமும் சர்க்கரையும் பின்னிக் கிடப்பதைப் பார் என்பார். அப்போது மட்டும் அவர் முகம் மலரும். ஒருநாள் வெட்டுகிற மாரியப்பன் தன் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டான். "முதல்ல சுரப்பியக் கொண்டா. விரல் எங்கயும் போயிராது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சுரப்பிச் சாற்றை மாப்பொருளோடு, அதாவது மாவுச்சத்தோடு, கலந்து வைத்து, பிறகு அயடீன் விடுவோம். மாப்பொருள் மிஞ்சியிருந்தால் நீலம் வரும். சாற்றில் செரிக்கவைக்கும் நொதியம் இருந்தால் அது மாப்பொருளைத் தின்றிருக்கும், நீலம் வராது. தாடைச் சுரப்பியில் அந்த நொதியம் பெயருக்குத்தான் உண்டு என்று புத்தகங்கள் சொல்லும். அவர் செய்தால் மட்டும் நீலம் வரவே வராது. பெரிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுதினார். கொழும்பில் செய்து பார்த்தவர்களுக்கு நீலம் வந்தது. மனித எச்சிலில் அந்த நொதியம் ஏராளம், யாருடைய எச்சிலோ பட்டிருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள்.

குழாய்களைக் கழுவியவர் செல்லம்மா. கணவனை இழந்தவர், வெற்றிலை போடுகிறவர். அது போதுமாயிருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் டொக்டர் அவரை நிறுத்தி, "இவ எச்சித் துப்பின பாத்திரத்துலதான் நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்" என்றார். வேலையும் போனது, பண்ணை அறையும் போனது. டயகமத் தோட்டத்து லயத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். அந்த எச்சில் பேச்சு அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாண வீட்டில் அவரைச் சோற்றுப் பானைப் பக்கம் விடமாட்டார்கள். அவர் கையால் யாரும் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை.

அதன்பின் நானே கழுவினேன். அப்போதும் நீலம் வரவில்லை. பிறகு டொக்டர் பல்வலியில் படுத்தபோது சோதனையை நான் செய்தேன். பன்றிச் சாற்றை டொக்டரைப் போல அளவுக் குழாயில் வாய்வைத்து உறிஞ்ச அருவருத்து, குழாயில் ரப்பர்க் குமிழ் மாட்டி உறிஞ்சினேன். நீலம் பளிச்சென்று வந்தது. அவர் திரும்பி வந்து வழக்கம்போல் குழாயை வாயில் வைத்தார். நீலம் காணாமல் போனது. எச்சில் யாருடையது என்று இருவருக்கும் புரிந்தது.

செல்லம்மாவைக் கூப்பிட்டுப் பெரட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வேலைக்காரி எச்சின்னா அது அசுத்தம். டொக்டர் எச்சின்னா அது வெக்கம். அசுத்தத்தக் கழுவிரலாம், வெக்கத்த யாரு கழுவுறது?"

கட்டுரையை மட்டும் திருத்தினார். தவறுக்குக் காரணம், கழுவும் பணியாளரின் கவனக்குறைவாம்.

அந்த ஞாயிறே டயகமக்குப் போய் உண்மையைச் சொன்னேன். செல்லம்மா நம்பினார். லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. டொக்டர் சொன்னதை உதவியாளன் மறுத்தால் எடுபடுமா?

சாவு வீட்டுக்குச் செல்லம்மாவும் வந்திருந்தார். டொக்டரின் ஆராய்ச்சியைப் பற்றிப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பெட்டிக்குள் டொக்டரின் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. செல்லம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கடைசியிலயாச்சும் யாருகிட்டயாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப நான் சாகுற வரைக்கும் எச்சிக்காரிதான்" என்றார். அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

சுரப்பியைச் சிதையாமல் அறுத்தெடுக்கும் கைப்பக்குவம் டொக்டர் எனக்குத் தந்தது. அதை வைத்துத்தான் இன்றும் சாப்பிடுகிறேன், அதற்கு நன்றி. அவர் சொல்லாமல் விட்டுப்போன ஒரு வாக்கியமும் என்னிடம் இருக்கிறது. அந்த எச்சில் டொக்டர் ஞானமுத்துவுடையது. டயகமப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து உரக்கப் படியுங்கள்.