எனக்கு நானே ஒட்டின சிவப்புச் சீட்டு

என் வேலையே தப்புக் கண்டுபிடிக்கிறதுதான். பணிமனையில வெல்டிங் பண்ணின குழாய்களை டார்ச் அடிச்சுப் பார்த்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அங்க அது நல்ல குணம். வீட்டுக்குக் கொண்டுவந்தா வியாதி. எங்க அணுபுரம் வீட்டுல தோசை வட்டமா வரலேன்னா அதுக்கும் என்கிட்ட சீட்டு உண்டு.

இதுல அதிகமாச் சீட்டு வாங்கினது நான்தான். எங்க சர்ச்சுல மாசத்தோட முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் வரிசையா முன்னால போய் முழங்கால் போடுவாங்க. நான் உட்கார்ந்தே இருப்பேன். அந்த வாரம் யார்மேலயாவது எரிஞ்சு விழுந்திருந்தா, அந்த மனசோட ஆண்டவர் பந்தியில கை நீட்டக் கூடாதுங்கிறது என் சட்டம். "மனசு சரியானதும் அடுத்த மாசம் எடுத்துக்கிறேன்"னு சொல்லுவேன். நான் எரிஞ்சு விழாத வாரம்னு ஒண்ணு இருக்கா? அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு.

என் வீட்டுக்காரர் செய்யூர்க்காரர். மாசாமாசம் மறக்காமக் கேட்பார், "இன்னா மேடம், இந்த மாசமும் ஃபெயிலா?" மனுஷன் காலையில என்கூட மல்லுக்கட்டிட்டு, பத்து மணிக்குக் கூச்சமே இல்லாம முதல் ஆளாப் போய் முழங்கால் போடுவார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதுலயே அடுத்த மாசமும் போயிடும்.

போன வருஷம் எங்க பொண்ணுக்குத் திடப்படுத்தல் சடங்கு வந்துச்சு. பிஷப் தலையில கை வச்சு ஜெபிச்சதும், அன்னைக்கே பிள்ளைங்க முதல் திருவிருந்து எடுப்பாங்க. அப்பா அம்மா ரெண்டு பக்கமும் கூடவே முழங்கால் போடுவாங்க. பொண்ணு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. "நீயும் வருவியாம்மா?"

வருவேன்னுட்டேன். அதுக்காக ஒரு வாரம் கோபமே படறதில்லைன்னு திட்டம். ஈரத் துண்டு கட்டில்மேல கிடந்துச்சு, சிரிச்சேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது, சிரிச்சேன். வியாழக்கிழமை வீட்டுக்காரர் என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லயா? இப்டி சிரிச்சிகினே இருந்தா பயமா கீது." அதுக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சனிக்கிழமையும் தாண்டிட்டேன். எனக்கே என்மேல ஒரு மரியாதை வந்துடுச்சு.

ஞாயிறு காலையில பொண்ணு தன் வெள்ளைச் சுடிதாரைத் தானே தேய்ச்சு மாட்டி வச்சிருந்தா. நான் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது. பேன்ட்டு மடிப்பு கோணல். உலகத்துல வேற யார் கண்ணுக்கும் தெரியாது. ரெண்டே நிமிஷம், நேர் பண்ணிடலாம்னு இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சூட்டை ஏத்தி வச்சேன். கீழ் ஓரத்துல பெட்டியோட மூக்கு பழுப்பா அப்படியே பதிஞ்சுடுச்சு.

தப்பு யாரோடது? என்னோடது. கத்தினது யாரு? அதுவும் நான்தான். "நீ ஒழுங்காத் தேய்ச்சிருந்தா நான் ஏன்டி இதைத் தொடப்போறேன்!" அவளும் சும்மா விடல. "உன்னை யாரு தொடச் சொன்னது?"ன்னு கத்திட்டு, அழுதுக்கிட்டே அதையே போட்டுக்கிட்டு வந்தா. மாமல்லபுரம் ரோட்டுல கார் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டுக்காரர்கூட ஃபெயிலான்னு கேட்கல.

திடப்படுத்தல் நல்லபடியா முடிஞ்சு, பொண்ணு எங்களுக்கு நடுவுல வந்து உட்கார்ந்தா. திருவிருந்துக்கு எங்க வரிசை எழுந்துச்சு, வீட்டுக்காரர் முதல் ஆளா முன்னால போயிட்டார். நான் எழுந்திருக்கல. அவ போகட்டும்னு காலை மட்டும் ஒதுக்கினேன். அவளும் எழுந்திருக்கல.

"போடி"ன்னேன் மெதுவா.

"நான் போகலம்மா. காலையில உன்மேல கத்திட்டேன். இன்னும் கோவமா இருக்கு." தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "மனசு சரியானதும் அடுத்த மாசம் எடுத்துக்கிறேன்."

மாசாமாசம் நான் சொல்ற அதே வார்த்தை. பதினஞ்சு வயசுப் பிள்ளை கையில என் சிவப்புச் சீட்டுக் கட்டை நானே கொடுத்து வச்சிருக்கேனே! இவளும் ஒன்பது வருஷம் இங்கயே உட்கார்ந்திருப்பாளா?

"எனக்கும்தான் கோவம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், எழுந்திரு"ன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். கருகின பேன்ட்டோட அவ, காலையில கத்தின வாயோட நான், ரெண்டு பேரும் முன்னால போய் முழங்கால் போட்டோம். வீட்டுக்காரர் முழங்கால் போட்டுக்கிட்டே என்னை எட்டிப் பார்த்தார். கேலி பண்ணத்தான் வாயெடுத்தார். ஆனா மூக்கை உறிஞ்சிக்கிட்டுத் திரும்பிக்கிட்டார்.

போதகர் என் உள்ளங்கையில அப்பத்தை வச்சார். பெரிய அப்பத்துலேருந்து பிட்ட துண்டு. ஒரு ஓரம் கோணல், இன்னொரு ஓரம் உதிர்ந்துபோயிருந்துச்சு. என் கண்ணு சும்மா இருக்குமா? அளந்துடுச்சு. பணிமனையா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.

பக்கத்துல பொண்ணு தன் துண்டைக் கையிலயே வச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் வாயில போட்டேன். அதுக்கப்புறம்தான் அவளும் போட்டா.