பாலிஷ் போட்ட பந்து

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவதோட படிப்பு நின்னுபோச்சு. ஒண்ணைச் சொல்ல வந்து இன்னொண்ணுக்குப் போய்டுவேன், நடுவுல மறந்தும் போய்டும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். ஆனா அந்த ஒரு காலை நேரத்தை மட்டும் எழுதியே ஆகணும்னு மனசு நச்சரிக்குது.

பேரணாம்பட்டுல பொண்ணுங்க படிக்கிற பள்ளிக்கூடத்து மைதானத்தை ஒட்டினாப்ல எங்க வீடு. நடுவுல ஒரு மதில், அதுல ஒரு சின்ன இரும்புக் கதவு. விடியற நேரத்துலேயே வாலிபால் ஆடற பொண்ணுங்க வந்துடுவாங்க. பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் ஆட்டம்தான். விளையாட்டு சாமான் வைக்கிற அறையோட சாவி ஆபீஸ்ல இருக்கு. ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள இவங்க ஆட்டமே முடிஞ்சிடும். அதனால விளையாட்டு டீச்சர் ஒருநாள் என் வாசல்ல வந்து நின்னு, "வாலிபால் நெட்டையும் மூணு பந்தையும் உங்க வீட்ல வெச்சிக்கட்டுமாம்மா?"ன்னு கேட்டாங்க. யாராவது நேரா முகத்தைப் பார்த்துக் கேட்டா எனக்கு வாய் வராது. தலையை ஆட்டினேன்.

அன்னியிலேர்ந்து நான்தான் முதல்ல எழுந்திருப்பேன். பந்தை ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டை விரலால அமுக்கிப் பார்த்து, காத்து இருக்குதான்னு தெரிஞ்சிக்கிட்டு வாசல்ல வைப்பேன். "ஆயா, பந்து"ன்னு முதல் குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கமெல்லாம் எங்கயோ போய்டும். மலைப் பக்கத்துலேர்ந்து பனி இறங்கியிருக்கும், எதிர்ல நிக்கிறவ முகம் தெரியாது, பந்து விழற சத்தம் மட்டும் டப்பு டப்புன்னு கேக்கும். கொஞ்சம் வெளுத்ததும் பார்த்தா, ஒருத்தி பறக்கிறா, ஒருத்தி மண்ணுல விழுந்து பொரள்றா. நான் இரும்புக் கதவைப் பிடிச்சிக்கினு நின்னு பார்ப்பேன். உள்ள போனதில்ல. அத்தனை பேர் நடுவுல போய் நிக்க எனக்குக் கூச்சம்.

அவங்கள்ல எங்க எதிர் வீட்டுப் பொண்ணும் ஒருத்தி. ஒம்பதாவது படிக்கிறா, நல்ல உயரம். பந்தை மேல தூக்கிப் போட்டு ஓங்கி அடிச்சி எதிர்ப் பக்கம் அனுப்பறதுக்கு சர்வீஸ்னு பேரு. அதுல அவளை அடிச்சிக்க ஆள் இல்ல.

அவ அம்மா ஆம்பூர்ல ஷூ கம்பெனியில ஃபினிஷிங்ல வேலை. முடிஞ்ச ஷூவுக்கு கிரீம் போட்டுத் துடைச்சிப் பளபளன்னு ஆக்கிப் பெட்டியில வைக்கிற வேலை. கம்பெனி பஸ் எங்க மதிலோட கோடியிலதான் நிக்கும். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்துக்கு பஸ் வந்துடும், அவ ஏறிப் போய்டுவா. ஒரே மதில்தான் நடுவுல. பொண்ணு ஆடி அவ ஒருநாளும் பார்த்ததில்ல.

பார்க்காததால கோவம்தான் ஜாஸ்தி. "தண்ணி வர்ற நேரத்துல இவ அங்க எகிறிக் குதிக்கிறா பெரிம்மா. நான் தண்ணி பிடிக்கிறதா, சோறு கட்டறதா, பஸ்ஸப் பிடிக்கிறதா? தினம் இதே பேஜாரு"ன்னு என்கிட்ட சொல்லுவா. அந்தச் சமயத்துலதான் ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்க வேலூர்லேர்ந்து ஒரு சார் வர்றார்னு சொன்னாங்க. அம்மாக்காரி பொண்ணுகிட்ட கறாரா சொல்லிட்டா: "அவரு உன்ன எடுத்தா போ. எடுக்கலன்னா மறுநாள்லேர்ந்து காலையில வீட்டு வேலை." அன்னியிலேர்ந்து பொண்ணு எல்லாருக்கும் முன்னாடியே வந்து தனியா நின்னு அடிச்சிக்கினு இருந்தா.

சார் வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாக்காரி கம்பெனியிலேர்ந்து நேரா என் வீட்டுக்கு வந்தா. கூடையில இருந்த பந்துங்களைப் பார்த்துட்டு மூஞ்சியச் சுளிச்சா.

"இன்னா பெரிம்மா இது, தேஞ்ச செருப்பு மாதிரி கெடக்குது? இத்த வெச்சி ஆடினா வெளியூர் சாரு நம்ம புள்ளைங்கள மதிப்பாரா?"

வெளிநாட்டுலேர்ந்து சரக்கு வாங்க வர்றவரைக் கம்பெனியில பையர்னு சொல்வோம். அவர் வர்ற அன்னிக்கு சாம்பிள் ஷூவைக் கண்ணாடி மாதிரி தேச்சி வைக்கணும். மங்கலா எதுவும் அவர் கண்ணுல படக்கூடாது. எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது ரத்தத்துல ஊறிப்போன பழக்கம். நானும் பல வருஷம் ஷூவுக்கு மேல்தோல் தைச்சவதான். அதனால அவ கடையில நிறமில்லாத பாலிஷ் டப்பா வாங்கியாந்து, மூணு தோல் பந்தையும் மடியில வெச்சித் தேய் தேய்னு தேய்ச்சப்ப எனக்கும் தப்பாவே தெரியல. லைட்டு வெளிச்சத்துல மூணும் மின்னுச்சு. "அழகா இருக்குடி"ன்னு நானும் சொன்னேன்.

விடிஞ்சுது. சார் பைக்ல வந்து இறங்கினார். மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிட்டு குடியாத்தம் போகணும், நேரா ஆட்டத்தை ஆரம்பிங்கன்னுட்டார். கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தி, வீட்ல உருது பேசறவ, வாய் ஜாஸ்தி. பந்தை வாங்க வந்தவ உத்துப் பார்த்துட்டு, "ஆயா, இது பந்தா, மாப்ள ஷூவா?"ன்னு கேட்டுட்டு ஓடினா.

முதல் பந்தை அந்தக் கண்ணாடிக்காரிதான் ரெண்டு கையால மேல தூக்கப் பார்த்தா. விரல் சந்துல வழுக்கி அவ மூக்குக் கண்ணாடி மேலயே விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்தவளுக்கும் அதே கதி. சார் முகம் மாறிப்போச்சு. "இன்னாம்மா, எல்லாரும் கையில எண்ணெய் தடவிக்கினு வந்தீங்களா?"

எதிர் வீட்டுப் பொண்ணு முறை வந்துச்சு. தூக்கிப் போட்டு அடிச்சா. பந்து உள்ளங்கையில சறுக்கி நெட்டுக் கம்பத்துல மோதுச்சு. வேற பந்தை எடுத்தா, அது மண்ணுலயே விழுந்துச்சு. மூணாவது பந்தைப் பல்லக் கடிச்சிக்கினு அடிச்சா பாருங்க, அது சைடுல சீறிக்கினு போய் மதிலைத் தாண்டி வெளிய விழுந்துச்சு. சார் பேனாவை மூடினார்.

மதிலுக்கு அந்தாண்ட பஸ்ஸுக்கு நின்னவங்க நடுவுலதான் பந்து விழுந்திருக்குது. எடுத்துக் குடுக்கக் குனிஞ்சவ யாருன்னா, அவ அம்மாவேதான். எடுத்திருக்கா, கையிலேர்ந்து நழுவியிருக்குது. மறுபடி எடுத்திருக்கா, மறுபடி நழுவியிருக்குது. ஃபினிஷிங் கையாச்சே, பாலிஷ்தான் வழுக்குதுன்னு புரிஞ்சிபோச்சு.

பந்தை மார்போட அணைச்சிக்கினு என்னைத் தாண்டி இரும்புக் கதவு வழியா உள்ள ஓடினா.

"சார், புள்ளைங்க மேல தப்பு இல்ல சார். பந்துக்கு பாலிஷ் போட்டது நானு."

"பந்துக்கு பாலிஷா? எதுக்கும்மா?"

"நீங்க வர்றீங்கன்னுதான் சார்."

சார் சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கினார். "சரி, சீக்கிரம் எதையாவது பண்ணுங்க. நான் கிளம்பணும்."

டீச்சர் பையில கைக்குத் தடவற சானிடைசர் இருந்துச்சு. அம்மாக்காரி அதை வாங்கிப் பந்து மேல ஊத்தி, சேலை மேல போட்டிருந்த கம்பெனி கோட்டைக் கழட்டி அதாலயே துடைக்க ஆரம்பிச்சா. அதுக்குள்ள பஸ் வந்து ஹாரன் அடிக்குது. ஜன்னல்லேர்ந்து ஒருத்தி, "யக்கா, வா யக்கா, லேட்டா போனா கேட்டுல நிறுத்திடுவாங்க"ன்னு கத்தறா. இவ தலையத் தூக்கவே இல்ல. நான் இன்னா பண்றேன்னு எனக்கே தெரியல, அடுப்பங்கரைத் துணியோட மைதானத்து நடுவுல உக்காந்து இன்னொரு பந்தைத் துடைச்சிக்கினு இருக்கேன். கண்ணாடிக்காரி செம்மண்ணை அள்ளி அள்ளி மேல தூவறா. மறுபடி ஹாரன். இவ தலையக் குனிஞ்சபடியே, போங்கன்னு கையை வீசினா. பஸ் போய்டுச்சு. ஜன்னல் ஜன்னலா தலைங்க திரும்பி எங்களையே பார்த்துக்கினு போச்சு.

பொண்ணு பந்தை வாங்கினா. விரலால உருட்டிப் பார்த்தா. மேல தூக்கிப் போட்டா. அந்தச் சத்தத்தை எப்படி எழுதறதுன்னு தெரியல. பந்து நெட்டுக்கு ஒரு சாண் மேல போய் எதிர்ப் பக்கம் கடைசி மூலையில போய் விழுந்துச்சு. சார், "இன்னொண்ணு"ன்னார். போட்டா. "இன்னொண்ணு." ஒண்ணு நெட்டுல மாட்டிச்சு, மத்ததெல்லாம் எங்க அனுப்பணும்னு சார் கை காட்டறாரோ அங்கயே போச்சு. கண்ணாடிக்காரி விசில் அடிக்கிறா. நான் கை தட்டறேன்னு பக்கத்துல இருந்தவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்துல இருந்தவ அவ அம்மா. செம்மண் அப்பின அந்தக் கம்பெனி கோட்டைக் கையில சுருட்டி வெச்சிக்கினு நின்னா.

"பெரிம்மா, தினமும் இவ இப்படியா அடிக்கிறா?"

"தினமும்தான்."

"நீ சொல்லவேயில்லயே."

"நீ கேக்கலயே."

மணி அடிக்கிறதுக்கு முன்னாடி சார் டீமுக்குன்னு மூணு பேரைக் கூப்பிட்டார். கடைசியா கூப்பிட்டது எதிர் வீட்டுப் பொண்ணை. கண்ணாடிக்காரியைக் கூப்பிடல. அவ மூக்கைத் தேய்ச்சிக்கினே, "எனக்கு பாலிஷ் பத்தல"ன்னா. அம்மாக்காரிதான் அவளை இழுத்துப் பக்கத்துல உக்கார வெச்சி, கம்பெனிக்குக் கட்டின டிபன் பாக்ஸைத் திறந்தா. "இன்னிக்கு எனக்கு லீவு. துன்னுங்கடி." பத்து கை ஒண்ணா விழுந்துச்சு.

பொண்ணு மட்டும் அம்மா முகத்தையே பார்த்துக்கினு நின்னா.

"இன்னா பார்க்கிற? தண்ணிய நான் பிடிச்சிக்கிறேன். நீ எழுந்திருக்கறப்ப என்னையும் எழுப்பி விட்டுட்டுப் போ."

இப்பெல்லாம் அவ பஸ்ஸுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடறா. இரும்புக் கதவைப் பிடிச்சிக்கினு என் பக்கத்துல நிக்கறா. ஹாரன் அடிக்கிறப்பதான் ஓடறா.

இதுல ஆட்ட விஷயம் நான் எழுதினது சரியான்னு தெரியல. யாராவது அந்தப் பொண்ணுகிட்டயே படிச்சிக் காட்டி சரி பார்த்துடுங்க. முக்கியமா, நெட்டுல மாட்டினது ஒரு பந்துதானா, ரெண்டான்னு கேளுங்க. அவ அம்மாவைக் கேக்காதீங்க. ஒண்ணுகூட மாட்டலன்னு சாதிப்பா.